பர்னருக்குள் உடைந்த ஊசி

நேற்று வீட்டுக்கு வந்த பெயிண்டர் மண்ணெண்ணெயில் பிரஷ் கழுவினார். அந்த வாசனையில், உத்திரமேரூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டியிருந்து இப்போது இடமே தெரியாமல் போய்விட்ட பாயின் ஸ்டவ் கடை, தகரக் கூரையும் பம்ப் அடிக்கும் சத்தமுமாக முழுதாய் எழுந்து வந்தது. எங்கள் பித்தளை ஸ்டவ்வை எத்தனை முறை அங்கே பிரித்திருப்பார்கள்! வாஷர், நிப்பிள், பர்னர் என்று எது போனாலும் அதை மட்டும் மாற்றினால் போதும், மறுபடி நீலமாக எரியும்.

பத்து வயதில், அடைப்பெடுக்கிறேன் என்று பள்ளிக்கூடத் தையல் ஊசியை பர்னருக்குள் விட்டு உடைத்துவிட்டேன். மானாம்பதியிலிருந்து புதிதாக வாழ்க்கைப்பட்டு வந்திருந்த அண்ணிதான் ஸ்டவ்வைக் கெடுத்துவிட்டாள் என்று பழி விழுந்தது.

"பட்டிக்காட்டுப் பொண்ணு, ஸ்டவ்வ பத்தி இன்னா தெரியும்?" என்றாள் அம்மா.

ஒரு வாரம் அண்ணி ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நின்றாள். எதுவும் நடக்காதது போல நான் பள்ளிக்கூடம் போய்வந்தேன்.

கடைக்கு அண்ணியும் நானும்தான் போனோம். பாய் இடுக்கியால் துண்டை இழுத்தெடுத்தார்.

"ஸ்டவ்வுக்கு ஒண்ணும் ஆவாது, இன்னும் முப்பது வருசம் எரியும். ஆனா உள்ள தையல் ஊசி கீதே, யாரும்மா வுட்டது?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நான்தான் பாய், தெரியாம வுட்டுட்டேன்" என்றாள்.

வீட்டிலும் அதையே சொன்னாள். அம்மா சாகும்வரை, வருகிறவர்களிடமெல்லாம் மருமகள் ஸ்டவ்வைத் தைக்கப் பார்த்த கதையைச் சொல்லிச் சிரித்தாள். அண்ணி காபி கொண்டுவந்து வைப்பாள். நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.