ஒரே மத்தியானத்தில் பார்த்த முருகன்

எனக்கு எழுபத்துநான்கு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கும் ஹந்தானை மலைக்கு, சுற்றிப் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைக் கூட்டிப் போகிறவன் என் கடைசி மகன். போன வாரம் அவர்களோடு சேர்ந்து மாட்டுச் சாணியில் முளைத்த போதைக் காளானைத் தின்றுவிட்டு, பொழுது சாயும் நேரம் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

"நாப்பது வருசமா தெனமும் கண்ண மூடி உக்காந்து என்னத்தம்மா கண்டீங்க? நான் ஒரே மத்தியானத்துல முருகனையே பாத்துட்டேன்!"

"பாத்தியா? ஒம் புள்ள ஸ்கூல் கேட்டுல மழையில நிக்குதுன்னு அவரு சொல்லலியா?"

மகளைக் கூட்டி வர மறந்தே போயிருந்தான். அவன் வருவதற்கு முன்பே முழங்கால் வலியோடு இறங்கிப் போய் நான்தான் கூட்டி வந்திருந்தேன்.

தேயிலைக் கொழுந்து பறித்து வந்து, கை கழுவி, தினமும் அரை மணி நேரம் நான் உட்கார்ந்தது சாமியைக் காண அல்ல. குடித்துவிட்டு அடித்த புருஷன்மேல் இருந்த கோபத்தைப் பிள்ளைகள் முதுகில் இறக்காமல் இருக்கத்தான். ஐந்து பேரில் ஒருவர்மேலும் நான் கைநீட்டியதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

அன்றைக்கு உட்கார்ந்தும் கோபம் அடங்கவில்லை. அடங்கவே வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மழையில் நின்ற பேத்திதான் நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறாள். எழுதினத வாசி கண்ணு. உள்ள படுத்திருக்கிற ஒங்கப்பனுக்குக் கேக்குற மாதிரி சத்தமா வாசி.