இடது கால் செருப்பு

அப்பா எங்களை ஒரேயொரு முறை நோணாங்குப்பம் படகுத்துறைக்கு அழைத்துப் போனார். அன்று காற்று பலமாக இருந்ததால் படகு விடவில்லை. கரையில் நின்று தண்ணீரைப் பார்த்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பிவிட்டோம். அடுத்த வருடம் அப்பா இறந்துபோனார்.

சமீபத்தில் அதைக் கதையாக எழுதினேன். கதையில் காற்று அடிக்கவில்லை. அப்பா, நான், தங்கை மூவரும் படகில் ஏறினோம். கரையோர மரங்களின் நிழல் எங்கள் மடிமீது ஊர்ந்து போனது. கதைதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

பத்திரிகையில் படித்துவிட்டு, லாஸ்பேட்டையிலிருந்து தங்கை ஸ்கூட்டியில் வந்தாள். முகத்தில் சின்னக் கோபம்.

"எல்லாத்தையும் எழுதியிருக்க. அப்பா செருப்பு தண்ணியில விழுந்துச்சே, அத ஏன்க்கா விட்டுட்ட?"

நாம் படகில் ஏறவே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அன்று அவள் சின்னக் குழந்தை.

"எந்தச் செருப்புடி?" என்றேன்.

"இடது கால் செருப்பு. அது மிதந்துகிட்டே போச்சு. அப்பா அதுக்கு டாட்டா காட்டுனாரு. நீகூட சிரிச்ச."

அப்பாவின் முகமே ஞாபகமில்லை என்று எத்தனையோ முறை என்னிடம் அழுதவள் இவள்.

"ஆமா, சிரிச்சேன்" என்றேன்.

அந்தக் கதை இப்போது புத்தகமாக வரப்போகிறது. செருப்பையும் சேர்த்துவிட்டேன். வெயில் மின்னும் தண்ணீரில் அது ஆடி ஆடிப் போகிறது, அப்பா கையசைக்கிறார். அந்தப் படகுப் பயணத்தில் நான் கற்பனை செய்யாத வரி அது ஒன்றுதான்.