மொக்கையன் ஒளித்துவைத்த குழாய்

பஞ்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் உழைத்து, பஞ்சில் ஒரு பங்கை நுரையீரலிலேயே வீட்டுக்குக் கடத்திவந்தவர் மொக்கையன். ஆலைவாசல் சோதனையில் அந்தத் திருட்டை எவரும் பிடித்ததில்லை.

நாகமலை புதுக்கோட்டை வீட்டில் ஆக்சிஜன் மிஷின் உறுமத் தொடங்கி இரண்டு வருஷமாகிறது. தினம் பதினாறு மணி நேரம் மூக்கில் குழாய் இருக்கவேண்டும் என்பது டாக்டர் பவதாரிணியின் உத்தரவு. மகள் சுபலட்சுமியைத் தன் காலில் நின்று தாரை வார்க்கவேண்டும் என்பது மொக்கையனின் ஒரே ஆசை.

ஆனால் மூக்கை அடைப்பது செத்தவனுக்கு அல்லவா? அதுவும் பஞ்சு வைத்து! வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் குழாய் தலையணைக்கடியில் போய்விடும்.

“மாட்டுங்க, உதடு நீலம் பாரிக்குது” என்பாள் மனைவி முத்துத்தாய்.

“சும்மா இருடி. இதைப் பாத்தா எவன் பொண்ணெடுப்பான்? கருமாதிக்குத்தான் வருவான்.”

மதுரைச் சீமையில் நோயாளியைத் தனியே விடும் கல்நெஞ்சர்கள் கிடையாது. ஹார்லிக்ஸும் ஆரஞ்சுமாக வந்து, “அண்ணே, கல்லு மாதிரி இருக்கீக!” என்று வியந்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்தார்கள். பதினாறு மணி ஐந்தாகச் சுருங்கியது. அன்பு அவரை மூச்சுவிட விடவில்லை.

ஒருவழியாக ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. ஆனி மாதம் சம்பந்தி அழகுபாண்டி வந்தார். “வாங்க சம்பந்தி!” என்று மொக்கையன் கட்டிலைவிட்டு எழுந்தார். இடுப்பில் சுள்ளி ஒடிகிற சத்தம். அவர் விழுந்து உடையவில்லை, உடைந்துதான் விழுந்தார்.

டாக்டர் பவதாரிணி எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்தார். “எலும்புக்குள்ள பழசை அரிச்சுத் தின்னுற செல்லு இருக்குய்யா. பின்னாடியே இன்னொண்ணு புதுசாக் கட்டிக்கிட்டு வரும். ஆக்சிஜன் கொறைஞ்சா கட்டுறது சோந்துரும். தின்னுறது பெருத்து, கூட்டமும் கூடிரும்.”

“அப்ப உள்ளயும் விருந்தாளிகதானா?” என்றார் மொக்கையன்.

இந்த நுரையீரலுக்கு மயக்க மருந்து தாங்காது. ஆபரேஷன் இல்லை என்றார்கள். இனி எழுந்து நிற்பதும் இல்லை.

முகூர்த்தத்தன்று சனம் முழுக்கத் தல்லாகுளம் மண்டபத்தில். வீட்டில் அவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டு இருளாயி மட்டும், போனில் மணவறையைக் காட்டியபடி இருந்தாள். திரையில் அழகுபாண்டியின் முகம் வந்ததும் மொக்கையனின் கை மூக்குக்குப் போனது.

“கழட்டாதீக சம்பந்தி. பொண்ணு பாக்க வந்த அன்னைக்கே கன்னத்துல குழாய்த் தடத்தைப் பாத்துட்டேன். சங்கடப்படுவீகன்னு கேக்கலை.”

கை அப்படியே கீழே இறங்கியது. மைத்துனன் தாரை வார்த்தான். கெட்டிமேளத்தில் பாதியை மிஷின் உறுமல் விழுங்கியது. வாசலில் செருப்புச் சத்தமே இல்லை. அன்று பதினாறு மணி நேரமும் குழாய் மூக்கிலேயே இருந்தது.