விரிசல்மேல் ஒட்டிய கண்ணாடி

போன வாரம் எங்கள் ஊர்க் கதவணையின் பக்கச் சுவர் ஆற்றுக்குள் சரிந்தது. பூச்சுக்குமேல் பூச்சாக இத்தனை வருஷம் நின்ற சுவர். சற்று முன்புதான் என் மகளின் பள்ளி வேன் அந்தக் கதவணைப் பாலத்தைக் கடந்து போயிருந்தது. அவள் வழக்கம்போல் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நான்தான் வேன் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடுகிறேன்.

அந்தச் சுவரில் விரிசல் இருப்பது எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அங்கே கதவுகளை ஏற்றி இறக்கும் தற்காலிக வேலையில் இருந்தார். ஒருநாள் இன்ஜினியர் வந்து, விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டைச் சிமெண்ட் வைத்துப் பதித்துவிட்டுப் போனார். எதற்கென்று மாமாவுக்கு யாரும் சொல்லவில்லை. அரசாங்கக் கண்ணாடி என்று தினமும் துண்டால் துடைத்துவைப்பார்.

ஐப்பசியில் ஆறு கரைதொட்டு ஓடியது. வெள்ளம் வடிந்து பார்த்தால் கண்ணாடி உடைந்திருந்தது. மாமா நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். கல்லெறிந்து மாங்காய் அடிப்பதில் என் அக்காவை மிஞ்ச ஊரில் ஆளில்லை.

“எத்தனை நாளா குறி பாத்தடி? என் வேலைக்கு உலை வச்சிட்டியே.”

“நான் அடிச்சிருந்தா தூள்தூளாப் போயிருக்கும் மாமா. வந்து பாருங்க, நடுவுல ஒரே கோடா விட்டிருக்கு.”

“பாத்தியாக்கா, எப்படி உடைக்கணும்னு எனக்கே பாடம் எடுக்குறா,” என்றார் அம்மாவிடம்.

அம்மா அக்காவின் முதுகில் இரண்டு வைத்தாள். அக்கா அழவில்லை, அன்று சாப்பிடவும் இல்லை. அவள் பங்கு மீனையும் நானே தின்றேன்.

மாமா திருத்துறைப்பூண்டியில் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போய், அதே அளவில் கண்ணாடி வாங்கிவந்து பழையது போலவே ஒட்டிவைத்தார். இன்ஜினியர் வந்த அன்று நாங்களும் வேடிக்கை பார்க்கப் போனோம். அவர் குனிந்து பார்த்தார்.

“கண்ணாடி உடையல. அப்படின்னா சுவர் அசையல. நல்லாருக்குப்பா.”

மாமா வாயைத் திறந்தார். பிறகு, “சரிங்க சார்,” என்றார். முகம் வெளுத்திருந்தது.

ஜீப் போன பின் எங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாலத்தைவிட்டு இறங்கினார். “இனிமே இந்தப் பக்கம் யாரும் வரக்கூடாது.” கடைத்தெருவில் ஒரு பொட்டலம் பக்கோடா வாங்கி, அப்படியே அக்காவின் கையில் வைத்து, அவள் தலையைத் தடவினார்.

கண்ணாடியை உடைத்தவளுக்கு முழுப் பொட்டலமா என்று நான் வீடு வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன்.