குறிப்பு: மேய்ச்சல் உண்டு

என்னைத் ‘தங்கச்சி’ என்று கூப்பிட இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். கூடப்பிறந்த அக்காமார் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் என்றைக்கும் ‘ஏய்’தான்.

கறம்பக்குடிப் பக்கம் செடிகொடி மரங்களை வரைபடமாக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். செயற்கைக்கோள் படத்தில் தைலமரமும் பச்சை, சீமைக்கருவேலமும் பச்சை, முந்திரியும் பச்சை. எது எது என்று நடந்து பார்த்து எழுத வேண்டும். துணைக்கு வந்தவள் ஆடு மேய்க்கும் ஓர் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் வேலைக்காக ஆட்டைப் பட்டினி போட முடியாது என்று மொத்த ஆட்டையும் ஓட்டிக்கொண்டே வந்தாள்.

முதல் நாள் முழுக்க நான் துப்பட்டாவை முள்ளிலிருந்து பிய்த்துக்கொண்டிருந்தேன். “மேடம், கல்யாண வீட்டுல நடக்குற கணக்கா நடந்தீங்கன்னா பொழுது சாஞ்சுரும்” என்றாள். மூன்றாம் நாள் என் குதிகாலில் காரைமுள் ஏறியது. ஊக்கைக் கழற்றி முள்ளை எடுத்தவள், “அசையாத தங்கச்சி” என்றாள். அதோடு ‘மேடம்’ போய்விட்டது.

நான் செடிகளைப் பெயர் சொல்லிப் பிரித்தேன். அவள் ஆட்டை வைத்துப் பிரித்தாள்: ஓடிப்போய்த் தின்பது, வேறு வழியில்லாமல் தின்பது, செத்தாலும் தொடாதது. எனக்குச் சிரிப்பு வந்தது. யோசித்துப் பார்த்தால் ஆடாதொடை, ஆடுதின்னாப்பாளை என்று பெயர் வைத்தவர்களும் ஆட்டைக் கேட்டுத்தானே வைத்திருக்கிறார்கள். படித்த திமிர் கொஞ்சம் இறங்கியது.

எங்கள் பழைய பட்டியலில் ‘தரிசுப் புதர்’ என்று போட்டிருந்த இடம் ஒன்று. சித்திரை மத்தியானத்தில் ஆடுகள் தாமாகவே அங்கே போய் நின்றன. உள்ளே போனால் வீரை, காசான், பாலை மரங்கள் தோளோடு தோள் உரசி நிற்கின்றன. அத்தனை வெயிலிலும் ஓர் இலை வாடவில்லை. “சித்திரையில வேற எங்கிட்டும் எலை கெடையாது தங்கச்சி. எங்களுக்கு இது ஒண்ணுதான்” என்றாள்.

காட்டின் எல்லையை அவள் காலால் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு நடப்பாள். மண் குளிர்கிற இடத்தில் நின்று, “இங்கிட்டிருந்து தொடங்குது” என்பாள். நான் ஜிபிஎஸ் பொத்தானை அழுத்துவேன். இப்படியே சுற்றி வந்தோம். பழைய படத்தில் இருந்ததைவிடக் காடு பெரிதாக இருந்தது. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிக்கொள்ள, பேச முடியாமல் இரண்டு பேரும் சிரித்தோம். அதற்குப் பிறகு அப்படி நான் சிரித்ததாக நினைவில்லை.

‘தரிசு’ என்பதை அடித்துவிட்டு ‘பசுமை மாறாக் காடு’ என்று எழுதினேன். அவளும் அதில் இருக்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. படிவத்தில் ஆள் பெயர் எழுத இடமில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் ‘மேய்ச்சல் உண்டு’ என்று எழுதினேன். இந்தக் காட்டை நம்பி ஆட்கள் இருக்கிறார்கள் என்று சொல்வதாக நினைப்பு. என் கையெழுத்து அன்றைக்கு அழகாகக்கூட இருந்தது.

நான் திருச்சியில் வேறு வேலைக்கு வந்த பிறகு அவள் போன் செய்தாள். “மேடம், நம்ம காட்டுக்கு வேலி போட்டுட்டாங்க.”

நான் புகழ்ந்து எழுதியதை, எங்களை வேலைக்கு வைத்த திட்ட அலுவலகத்தில் புகாராகப் படித்திருக்கிறார்கள். மேய்ச்சல் உண்டு, ஆகவே தடுக்க வேண்டும். அவள் ஆடுகள் எலும்பாய் நிற்கப்போகின்றன. எனக்கோ வேலியைவிட அந்த ‘மேடம்’தான் முதலில் குத்தியது. எழுதவே வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஆடு போக வழி விடச் சொல்லிக் கடிதம் எழுதினேன். வரைபடத்தில் வழி எதுவும் காட்டப்படவில்லை என்று பதில் வந்தது. காட்டியிருக்க வேண்டியவள் நான்.

அடுத்த சித்திரையில் வரைபடத்தை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். யாரும் ஓட்டாமலே ஆடுகள் கம்பி ஓரமாக வரிசையாக நின்றிருந்தன. உள்ளே இலை அப்படியே பச்சையாக இருந்தது. காகிதத்தை விரித்து, நாங்கள் நடந்த கோட்டைக் காட்டினேன். அவள் கோட்டையும் வேலியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“நான் நடந்த தடத்துலயே போட்ருக்காங்க. ஒரு சாண் மாறல” என்றாள். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அம்புட்டு தூரம் சுத்துனோம். எங்கிட்டு உள்ள போவீங்கன்னு மட்டும் நீங்க கேக்கவே இல்லையே மேடம்.”

என் பேனாவை வாங்கினாள். கோட்டின் தெற்கு மூலையில், குறுக்கே இரண்டு சின்னக் கீறல் போட்டாள். “இங்கிட்டுத்தான் ஆடு நொழையும்.”

அந்தக் கீறலோடு படத்தைத் திருத்தி மறுபடி அனுப்பினேன். மூன்று முறை அனுப்பியாயிற்று. அன்றைக்கு நான் கிளம்பும்போது, “வழி விட்டா போன் போடுறேன்” என்று சொன்னாள். தங்கச்சி என்றும் சொல்லவில்லை, மேடம் என்றும் சொல்லவில்லை. திரும்ப ஒரு சித்திரை வந்துவிட்டது. வேலிக்குள் பாலைப்பழம் உதிர்ந்து கிடக்கும். போன் இன்னும் வரவில்லை.