சதீஸ்குமார் வெல்டிங் மெஷின் தேடிய காலம்

கலாராணிக்குக் கணவர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போனது அவர் முகமூடி வாங்கி வந்த அன்றைக்குத்தான். வெல்டிங் மெஷின் இன்னும் வாங்கவில்லை. எதை வாங்குவது என்றுகூட முடிவாகவில்லை. ஆனால் வெல்டிங் முகமூடி மட்டும் வீட்டுக்கு வந்துவிட்டது. அதை மாட்டிக்கொண்டு வாசல் கதிரையில் உட்கார்ந்தார் சதீஸ்குமார். தேத்தண்ணீர் குடிக்க மட்டும் முன்பக்கத்தைத் தூக்கிவிட்டார்.

விஷயம் ஒன்றும் பெரிதல்ல. கண்டி மஹய்யாவையில் அவர்கள் வீடு ரோட்டுக்குக் கீழே, செங்குத்தான படிகளின் அடியில் இருக்கிறது. படியோரத்து இரும்புக் கைப்பிடியின் கால் துருப்பிடித்து இற்றுப்போய்விட்டது. பிடித்தவரையும் சேர்த்துக் கீழே தள்ளிவிடும் நிலை. கலாராணிக்குப் போன வருஷம் கால் முறிந்து தகடு வைத்திருந்தார்கள். ஸ்கூல் யூனிபோர்ம் தைத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவள், தினமும் ரோட்டுக்கு ஏறித்தான் ஆகவேண்டும். ஆகவே கணவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். அவர் ஒப்பிஸ் போகும்போதுதான் அவளும் வெளியே போக முடியும். அவர் திரும்பி வந்தால்தான் அவளும் வீட்டுக்கு இறங்க முடியும்.

ஓர் ஆளைக் கூப்பிட்டால் ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. சதீஸ்குமார் கேட்கவில்லை.

"அவனுகளுக்கு என்ன தெரியும்? சும்மா பூசி விட்டுட்டுப் போயிருவானுக. நானே ஒரு மெஷின் வாங்கி ஒட்டுறேன். வீட்டுல கெடந்தா காலத்துக்கும் உதவும்."

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் கண்டியில் ஏறி இறங்காத இரும்புக் கடை இல்லை. போனில் வீடியோ பார்ப்பார். அதில் கேட்டதைக் கடையில் போய்ச் சொல்வார். கடைக்காரன் சொன்னதை வீட்டில் வந்து சொல்வார். வாயால் ஒட்டிய இரும்பை வைத்து ஒரு பாலமே கட்டியிருக்கலாம்.

மேல்வீட்டு நல்லம்மா வேறு தினமும் ரோட்டில் நின்று, "கட்டுனா இப்படி ஒரு புருஷனக் கட்டணும், கையப் புடிச்சு ஏத்திட்டு வாற வடிவப் பாருங்க" என்பாள். உடனே சதீஸ்குமாரின் முதுகு நிமிரும், பிடி இறுகும். கலாராணிக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் ஒருநாள் மர்சூக் என்பவரின் இரும்புக் கடைக்கு அவளும் கூடப் போனாள். சதீஸ்குமார் அங்கே இருப்பதிலேயே பெரிய மெஷினைத் தடவிக்கொண்டு நின்றார்.

"சேர், அது கராஜ்ல பாவிக்கிய சாமான்," என்றார் மர்சூக் கொட்டாவி விட்டபடி. "ஒங்கட ஊட்டு லைன்ல போட்டா ட்ரிப் சுவிட்ச் விழுந்து கரண்டுதான் போகும்."

"கேஸ் வச்சு கம்பி ஓடுற மெஷின்தான் நல்லதுன்னு வீடியோவுல..."

"வெளியில காத்து அடிச்சா கேஸ் பறந்துடும் சேர்."

"அப்ப யோசிச்சுத்தான்..."

"மர்சூக் நானா," என்று குறுக்கிட்டாள் கலாராணி. "மெல்லிசு பைப்பு. துரு வேற. வெளியில, படியில வச்சு ஒட்டணும். வீட்டுக் கரண்டு. எது சரி?"

மர்சூக் தட்டிலிருந்து ஒரு சின்ன மெஷினை இறக்கி வைத்தார். "இது ரொட், அதான் ஒட்டுற குச்சி, போடுறது. கரண்ட நல்லாக் கொறைச்சு வைக்க ஏலும், பைப்பு ஓட்டையாகாது."

"கட்டிக் குடுங்க."

மெஷினைச் சதீஸ்குமார்தான் தூக்கி வந்தார். வீட்டுக்கு வந்ததும் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆயுத பூஜைக்கு வைக்காமல் புது மெஷினில் கை வைக்கக் கூடாதாம். ஒரு பேனையைக்கூடப் பூஜையில் வைத்தறியாத மனுஷன்! பூஜைக்கோ இன்னும் வாரக்கணக்கில் இருந்தது. சாமி காரியம் என்பதால் கலாராணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

பூஜையன்று அவளுடைய தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வெல்டிங் மெஷினும் சந்தனம், குங்குமத்தோடு உட்கார்ந்தது. முகமூடிக்கும் நெற்றியில் ஒரு பொட்டு.

அவர் மறந்தது மறுநாளை. பூஜையில் வைத்த ஆயுதத்தை விஜயதசமி காலையில் எடுத்துப் பேருக்காவது ஒரு வேலை செய்தாக வேண்டும். கலாராணி ஒரு துண்டுத் துணியில் ஒரு வரி தையல் ஓட்டினாள். அவர் பக்கம் திரும்பினாள்.

"என்னோடது ஆச்சு. உங்களோடது?"

கடலைக் கிண்ணத்தோடு நல்லம்மாவும் வந்து நின்றாள். தப்ப வழியில்லை. அவர் முகமூடி மாட்டி, ஒரு துண்டு இரும்பில் ரொட்டைத் தொட்டார். பொறி பறந்ததுதான் தாமதம், கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றார்.

"கரண்டு சரியில்ல கலா," என்றார். முகமூடியைக் கழற்றாமலே கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. மனுஷனுக்கு நெருப்பென்றால் பயம். மெஷினைத் தேர்ந்தெடுத்துவிட்டால் அதைப் பற்றவைத்தாக வேண்டுமே என்றுதான் இத்தனை காலமும் கடைகடையாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்குப் பயம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓர் ஆளைக் கூப்பிட்டிருப்பாள். பயந்ததை அவள் மன்னித்துவிடுவாள். அந்தப் பயத்தை அவள் காலில் கட்டிவிட்டு ஊர் மெச்ச நடந்ததைத்தான் அவளால் சகிக்க முடியவில்லை. அவளுக்குச் சீ என்று போனது.

தொடங்கிய வேலையை அரைகுறையாக விடக் கூடாது. முகமூடியை அவரிடமிருந்து பிடுங்கி மாட்டிக்கொண்டு அவளே ரொட்டை எடுத்தாள். முதலில் ரொட் இரும்போடு ஒட்டிக்கொண்டது, பிறகு இரும்பில் ஓட்டை விழுந்தது. சில நாள் துண்டு இரும்புகளில் பழகினாள். பிறகு படியில் உட்கார்ந்து பெயின்ற்றைச் சுரண்டி, துரு தின்ற இடத்தை விட்டு, மேலும் கீழும் நல்ல இரும்பாகப் பார்த்து ஒரு பட்டை இரும்பை வைத்து ஒட்டினாள். இற்ற துணிக்கு ஒட்டுப் போடுவதும் அப்படித்தான். ஒட்டிய இடம் கட்டிகட்டியாக அசிங்கமாகத்தான் இருந்தது.

"தேச்சு விட்டா வடிவா இருக்கும்," என்றார் சதீஸ்குமார், தள்ளி நின்று.

"தேச்சா ஒட்டுனது போயிரும். பேசாம இருங்க."

திங்கட்கிழமை காலை அவர் வழக்கம்போல உடுத்திக்கொண்டு படியடியில் கையை நீட்டி நின்றார். கலாராணி அந்தக் கையைக் கடந்து, இரும்பைப் பிடித்து ஏறினாள். நின்று நின்றுதான் ஏறினாள். ஆனாலும் தனியாக ஏறினாள்.

"என்ன, இன்னிக்குத் தனியா வாறீங்க?" என்றாள் நல்லம்மா ரோட்டில் நின்று.

கலாராணி திரும்பிப் பார்த்தாள். கீழே சதீஸ்குமார் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, முழுப் பலத்தோடு ஆட்டிக்கொண்டிருந்தார். உறுதி பார்க்கிறவரின் முகமாக அது இல்லை, பிடுங்கப் பார்க்கிறவரின் முகம். இரும்பு அசையவில்லை. அவர் விடவுமில்லை.

அவளுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை மாதம் அந்தக் கையைப் பிடித்து ஏறியதைவிட, இப்போது அந்த மனுஷனுக்காகப் பாவப்பட நேர்ந்ததுதான் அவளுக்குப் பெரிய அவமானமாகப் பட்டது. துணிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.