வீடியோவுக்குள் வரக்கூடாத கார்

பழிவாங்குவதற்கு மூளையும் பொறுமையும் வேண்டும். என்னிடம் இருப்பது பொறுமை மட்டும்தான், அதுவும் எழும்பிப் போகச் சோம்பல்படுவதால் வந்தது. பள்ளிக்கூடம் என்னை எட்டாம் வகுப்போடு கைகழுவியது. அதற்காக நான் பள்ளிக்கூடத்தின் மேல்கூடக் கோபம் வைக்கவில்லை. ஆனால் என் மனைவியின் அண்ணர்மேல் ஒன்பது வருடம் கோபம் வைத்திருந்தேன். கடனுக்கு வாங்கிய சாமானைக்கூட நான் அவ்வளவு கவனமாக வைத்திருந்ததில்லை.

என் மகள் பெரியபிள்ளையானபோது செய்த சாமத்தியவீட்டில் தொடங்கிய கோபம் அது. பெண்ணின் தகப்பன் என்ற உரிமையோடு மண்டப வாசலில் என் காரை நிறுத்தினேன். வெள்ளி நிற ஜப்பான் கார். எனக்கு முன் இரண்டு பேர் ஓடியது. முன்கதவில் ஒரு நெளிவு உண்டு, அதை வாங்கும்போதே சேர்த்துத் தந்தார்கள். மகள் வாடகைக் காரில் வந்துகொண்டிருந்தாள். அந்தக் காரின் நீளத்துக்கு உள்ளே ஒரு குடும்பத்தைக் குடிவைக்கலாம்.

தாய்மாமன் என்பதால் அன்றைக்கு மண்டபம் முழுவதும் மச்சானின் ஆட்சி. லண்டன் சிற்றியில் பெரிய வேலை பார்க்கிறவர், கோட்டுப் பட்டனைப் பூட்டியபடி வந்தார்.

"ஐசே, இது உம்மட காரே?"

"ஓம் மச்சான்."

"பைப் திருத்த வந்தவன் விட்டிட்டுப் போட்டானெண்டு நினைச்சன். பின்றோட்டில கொண்டுபோய் விடும். வீடியோவுக்கை வருகுது."

வீடியோக்காரர் சிரித்தார். அவரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். என் புத்தி அப்படித்தான், என்னை அடித்தாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் வலிக்கிறதா என்று பார்ப்பேன். பின்றோட்டில் இடமில்லை, அதற்கடுத்த றோட்டிலும் இல்லை. எங்கோ விட்டுவிட்டு ஓடி வந்தபோது ஆலாத்தி எடுத்து முடிந்து எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். இன்றைக்கும் அந்த வீடியோவைப் போட்டால் என் பிள்ளை இறங்கும்போது கையைப் பிடிப்பவர் மச்சான். தகப்பன் எங்கே என்று கேட்டால், தகப்பன் பார்க்கிங் தேடுகிறான்.

அன்றைக்கு நேர்ந்துகொண்டேன். இந்த மனுசன் ஒரு நாள் இதே காரில் வந்து, சனத்துக்கு முன்னால், வீடியோ ஓட ஓட இறங்க வேண்டும். கதவை நான் திறக்க வேண்டும். அதுவரைக்கும் இந்தக் காரை விற்பதில்லை.

மனைவி எத்தனையோ தரம் காரை மாற்றச் சொன்னாள். நான் மாற்றவில்லை. காரும் என்னைக் கைவிடவில்லை. அதை நான் ஒழுங்காகப் பார்த்தேன் என்று சொன்னால் பொய். சேவிஸ் என்ற சொல்லை அது மாதக்கணக்கில் கேட்காமல் கிடக்கும். ஆனாலும் நாங்கள் இருக்கும் செவன் கிங்ஸின் பனிக்காலை ஒவ்வொன்றிலும் திறப்பைத் திருப்பியவுடன் எழும்பிவிடும், என்னைவிடக் கெதியாக.

அதைச் செய்த ஜப்பான் கம்பனியின் பெயர் எங்கள் சனத்திடம் ஒரு சத்தியவாக்கு மாதிரி. லண்டனுக்கு வந்து முதல் கார் வாங்கப் போகிறவனிடம் ஒருவரும் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை, 'ஜப்பான் எடு, நடுவழியில நிக்காது' என்பார்கள். நான் பெற்றோல் ஷெட்டில் கவுண்டரில் நிற்பவன், கண்ணால் கண்ட சாட்சி. அந்தக் கம்பனிக் கார் வந்தால் ஆள் இறங்கும், பெற்றோல் அடிக்கும், காசைக் கட்டும், போகும். பெருமைக் கார்களில் வருபவர்கள் சிலர் ஒயில் கேட்பார்கள், தண்ணீர் கேட்பார்கள், கடைசியில் கக்கூஸ் திறப்பையும் கேட்பார்கள், இழுத்துப் போகிற லொறி வரும்வரைக்கும் நிற்க வேண்டுமே. எனக்கு வாசிப்பு ஓடாது. ஆனால் காது ஓடும். ஷிப்டில் போனைப் போட்டுவிட்டு அந்தக் கம்பனியின் கதையை முழுவதும் கேட்டுப் பாடமாக்கினேன். என் சொந்தப் பாட்டன் பெயர்கூட எனக்கு யோசித்துத்தான் வரும்.

லண்டன் முழுக்கப் புகைக் கார்களுக்குக் கட்டணம் வந்தபோது மச்சான் போன் எடுத்து, "இனி உம்மட கார் இரும்புக்கடைக்குத்தான்" என்றார். மகள் நம்பரைப் போட்டுப் பார்த்தாள். பெற்றோல் கார், கட்டணம் இல்லை. அதைச் சொல்ல நான் திருப்பி எடுத்தேன், மச்சான் மீட்டிங்கில் இருந்தார். மூன்று நாளாக மீட்டிங்.

போன கோடையில் மச்சானின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பகுதி ஸ்ட்ரெதம் என்பதால் மண்டபமும் அங்கே. மச்சான் வீடோ ரெய்னர்ஸ் லேனில், லண்டனின் மற்றத் தொங்கலில். எனக்கு வந்த அழைப்பு இதுதான்: "நீர் வெள்ளன வந்து சாமானுகளை ஏத்தும். உம்மட காருக்கு ஊத்தை பிடிச்சாலும் தெரியாது."

போனேன். முன்சீற்றில் தேங்காய்ச் சாக்கு, பின்சீற்றில் பாதிக்கு வாழைக்குலையும் இலைக்கட்டும், டிக்கியில் பலகாரப் பெட்டிகள். பெண்ணும் பெண்டுகளும் என் மனைவியும் ஏற்கனவே மண்டபத்துக்குப் போய்விட்டார்கள். மச்சான் மட்டும் நின்றார், தன் புதுக் கார் வீட்டைவிட்டுப் புறப்படும் காட்சிக்காக. ஜேர்மன் கார், கறுப்பு. நாலு சில்லுக்கும் கீழே, புறப்படும்போது ஏறி நசிக்க, நாலு தேசிக்காய். நாலு கதவும் விரியத் திறந்து, எல்லா லைற்றும் மின்ன, உள்ளே நாதஸ்வரம் அலற, மேலே ட்ரோன் வட்டமிட்டது. மச்சான் ஏறுவதும் இறங்குவதுமாக ஒன்றரை மணித்தியாலம். பிறகு வீடியோக்காரர்கள் மண்டபத்தில் வந்திறங்கும் காட்சியைப் பிடிக்க முன்னுக்குப் போய்விட்டார்கள். மச்சான் உள்ளே போய்ச் சால்வையைச் சரிசெய்துவிட்டு வந்து பட்டனை அமத்தினார்.

டிக் என்றது. இன்னொருதரம் அமத்தினார். அதற்கும் டிக்தான்.

காரில் பிழை சொல்லக்கூடாது. எஞ்சின் ஓடாமல் ஒன்றரை மணித்தியாலம் திருவிழா நடத்தினால் எந்தப் பற்றரியும் படுத்துவிடும். தேசிக்காய் நாலும் நசியாமல் அப்படியே இருந்தன.

"ஐசே, உம்மட்ட ஜம்ப் லீட் இருக்கே?"

என் டிக்கியில், பலகாரப் பெட்டிகளுக்குக் கீழே, படுத்த பற்றரியை இன்னொரு காரால் எழுப்பும் வயர் ஒரு சோடி, சிவப்பும் கறுப்புமாகக் கிடந்தது. பழைய கார்க்காரன் அது இல்லாமல் வெளியே போகமாட்டான். ஐந்து நிமிட வேலை.

"இல்லை மச்சான்," என்றேன்.

எனக்கு ஒரு துளி வெட்கமும் வரவில்லை. டாக்சிக்கு அடித்தார், அரை மணித்தியாலம் என்றார்கள். தகப்பன் தாரை வார்த்துக் கொடுக்காமல் தாலி ஏறாது. மச்சான் என் காரைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார், பிறகு பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாழைக்குலைக்குப் பக்கத்தில் ஏறினார். கதவை நான்தான் சாத்தினேன். சாத்துவதற்கு முன், கதவு ஓரத்தில் இருக்கும் சைல்ட் லொக்கை விரலால் தட்டிவிட்டேன்.

"இறுக்கி மிதியுமன்."

"இருபது மைல்தான் இஞ்சை மச்சான். கமரா இருக்கு." அடுத்த சந்தி வரை அவரைக் கொதிக்க விட்டுவிட்டுத் தொடங்கினேன். "இந்தக் கம்பனி முதல்ல என்ன செய்தது தெரியுமே?"

"றோட்டைப் பாரும்."

"தறி மச்சான். நூல் ஒண்டு அறுந்தால் தானா நிக்கிற தறி. பிழையான துணி நெய்யாது. பிறகுதான் காருக்கு வந்தவை. பக்டரியில ஒரு சாதாரண வேலையாள் பிழையைக் கண்டால் கயித்தை இழுப்பான், முழு வேலையும் நிக்கும். பெரியவன் ஓடி வந்து என்ன பிழையெண்டுதான் கேப்பான். பின்றோட்டுக்குப் போ எண்டு சொல்லமாட்டான்."

கண்ணாடியில் அவர் முகம் ஒரு கணம் நிமிர்ந்தது. விளங்கிவிட்டது.

"முதன்முதலா அமெரிக்காவுக்குக் கொண்டுபோகேக்கை மேட்டில ஏற மாட்டாமல் கொதிச்சுதாம். சனம் சிரிச்சுதாம். ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கேல்லை. திருத்திக்கொண்டு திரும்பி வந்தவை. சிரிச்சவையின்ர பிள்ளையள் இப்ப அதைத்தான் ஓடினம்."

"இதெல்லாம் ஏன் காணும் எனக்கு?"

"நேரம் போக வேணுமே."

பாலத்தில் வாகனங்கள் அடைத்துக்கொண்டு நின்றன. மச்சானின் மனைவி போனில் கத்துவது எனக்கே கேட்டது. "எங்கையப்பா நிக்கிறியள்? ஐயர் கேட்டுக்கொண்டு நிக்கிறார்!"

"வாறன், வாறன்."

"கார் பிரச்சினையே?"

"கார் ஓடுது," என்றார் மச்சான். எந்தக் கார் என்று சொல்லவில்லை.

அந்தப் பாலத்தில்தான் எனக்கும் வேர்த்தது. பழி வேண்டும், ஆனால் அந்தப் பெட்டையின் முகூர்த்தம் போக வேண்டாம். அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்யாதவள். பாலம் தாண்டியதும் வாய்க்குள் பிள்ளையாரைக் கூப்பிட்டுக்கொண்டு, கமரா இல்லாத குறுக்கு றோட்டுகளால் விட்டேன்.

மண்டபம் தெரிந்ததும் மச்சானின் குரல் இளகியது. "மச்சான், பின்பக்கத்தால விடுங்கோ. நான் குசினி வாசலாலை போறன்."

"பின்றோட்டில இடமிருக்காது. எனக்கு அந்த அனுபவம் இருக்கு," என்றுவிட்டு நேராக முன்வாசலில், பூப்பந்தலுக்குக் கீழே கொண்டுபோய் நிறுத்தினேன்.

பந்தலுக்குக் கீழே சனம் நின்றது. வீடியோக்காரர் கறுப்புக் காரை எதிர்பார்த்து றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மச்சான் கைப்பிடியை இழுத்தார், இழுத்தார்.

"திறபடுதில்லை!"

"வெளியாலதான் திறக்கலாம்." நான் எஞ்சினை நிறுத்தினேன். முகூர்த்தத்துக்குப் பதினொரு நிமிடம் இருந்தது, நான் பார்த்துத்தான் வைத்திருந்தேன். "என்ர பிள்ளையின்ர சாமத்தியவீட்டு வீடியோவில நான் ஏன் இல்லை? அதை மட்டும் சொல்லுங்கோ."

"இப்பவே இதைக் கேக்கிறது?"

"இப்பதான் நீங்கள் இறங்கி ஓட ஏலாது."

உள்ளே மேளம் தொடங்கியது. மச்சான் சால்வையால் முகத்தைத் துடைத்தார். "நான்தான் காரை எடுக்கச் சொன்னனான்."

"சரியோ, பிழையோ?"

"பிழை. பிழையப்பா. திற!"

இறங்கி, காரைச் சுற்றிப் போய், வீடியோக்காரரைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். அவர் ஓடி வந்து கமராவைத் தூக்கினார். "பிழையப்பா. திற!" என்று மச்சான் உள்ளிருந்து இன்னொருதரம் கத்தினார். அதற்குப் பிறகுதான் திறந்தேன். மச்சானின் கையைப் பிடித்து இறக்கினேன், ஒரு பெண்பிள்ளையை இறக்குவது போல. பட்டுச் சால்வையில் வாழைக்கயர் கறையாக அப்பியிருந்தது, தோளில் ஒரு துண்டு இலை. கமரா அவரையும் என்னையும் கதவிலிருந்த நெளிவையும் ஒழுங்காகப் பார்த்தது. மச்சான் உள்ளே ஓடினார். தாலி நேரத்துக்கு ஏறியது.

சாமான் இறக்க வந்த மனைவி டிக்கியில் ஜம்ப் லீட்டைக் கண்டாள். என்னைப் பார்த்தாள். அண்ணரின் கார் படுத்த கதை அதற்குள் அவள் காதுக்கும் வந்திருந்தது. ஒரு பழைய துவாயை எடுத்து அதன்மேல் போட்டு மூடினாள். அவளுக்கும் அந்தச் சாமத்தியவீடு ஞாபகம் இருந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாண வீடியோ வந்தது. ட்ரோன் இருந்தது, கறுப்புக் கார் இருந்தது, புறப்படாத கார் புறப்படுவதுபோல் வெட்டி ஒட்டியிருந்தார்கள். அடுத்த காட்சியில் மச்சான் மணவறையில் நிற்கிறார். நடுவில் என் கார் இல்லை, நான் இல்லை. வீடியோக்காரருக்குப் போன் எடுத்தேன். "தகப்பன் வெட்டச் சொன்னவர் அண்ணை," என்றார்.

அந்த வீடியோக்காரர் எங்கள் ஷெட்டில்தான் பெற்றோல் அடிப்பவர். இரண்டு கிழமை அவருக்குக் கோப்பியும் ரோல்ஸும் என் செலவு. மூன்றாம் கிழமை, வெட்டிய துண்டு என் போனுக்கு வந்தது. நாற்பது விநாடி. சத்தத்தோடு. "பிழையப்பா. திற!" என்பது, கண்ணாடி கொஞ்சம் இறங்கியிருந்தபடியால், நல்லாகவே கேட்கிறது.

எனக்கு எழுத்தும் ஓடாது என்பதால் ஒரு சொல்லும் எழுதவில்லை. குடும்ப வாட்ஸப் குறூப்பில், கனடாவும் பிரான்சும் ஊரும் பார்க்க, அப்படியே போட்டேன். முதலில் கனடாச் சித்தி சிரித்தபடி கண்ணீர் விடும் முகம் ஒன்றைப் போட்டார். பிறகு எல்லோரும் போட்டார்கள். பத்து நிமிடத்தில், மச்சான் குறூப்பைவிட்டு வெளியேறினார் என்று நடுவில் சின்ன எழுத்தில் ஒரு வரி வந்தது.

"சரி, இனியாவது காரை மாத்துவமே?" என்று மனைவி கேட்டாள்.

"ஏன் மாத்துவான்?" என்றேன். "மச்சானின்ர மகளுக்கு வாற தை மாசம் வளைகாப்பு. வீடியோ எடுக்கினமாம்."